சைரனுக்குப் போன வயர்

சைரன் கத்தவில்லை. மெக்கானிக் ஏணியின் ஏழாவது படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சைரன் பக்கமிருந்த காதைப் பொத்திக்கொண்டு, அது கத்துவதற்காகக் காத்திருந்தார். உள்ளே ஹாலில் நின்ற பெண், அவர் சொல்லிக்கொடுத்தபடியே அலாரத்தைப் போட்டுவிட்டு முன்கதவைத் திறந்திருந்தாள். கதவில் ஒட்டியிருந்த காந்தம் பிரிந்தது, சுவரிலிருந்த நம்பர் பலகையில் சிவப்பு விளக்கு வந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் சன்ஷேடுக்கு மேலே அவர் அரை மணி நேரம் செலவழித்து மாட்டிய பெட்டியிலிருந்து எலிக்குஞ்சின் முனகல் போல ஒரு கீச்சு மட்டும் வந்து, அதுவும் நின்றுபோனது.

"அடிச்சுதாண்ணா?" உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"இல்லம்மா. நீங்க அந்த நாலு நம்பரப் போட்டு ஆஃப் பண்ணிடுங்க. பாத்துக்கலாம்."

'பாத்துக்கலாம்' என்பது எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடும் வார்த்தை. இருபத்திரண்டு வருடங்களாக வீடு வீடாக அலாரம் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் மூன்று கம்பெனி மாறியாகிவிட்டது, ஏணி ஒன்றுதான் மாறவில்லை. கத்தாத சைரன்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சொல்லப்போனால் முதல் தடவையிலேயே கத்திவிடும் சைரன் மீதுதான் அவருக்குச் சந்தேகம் வரும். வயர் பொய் சொல்லாது, மீட்டர் பொய் சொல்லாது, பொய் சொல்வது ஜாயிண்ட் மட்டும்தான் என்பது அவர் கட்சி. இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மனைவி, "நம்ம வீட்டு பாத்ரூம் லைட்டு ஒரு வருஷமா பொய் சொல்லுது, அதையும் கொஞ்சம் விசாரிங்க" என்பாள். அவர் இன்னும் விசாரிக்கவில்லை.

இறங்கி வந்து முறையாக ஆரம்பித்தார். அலாரத்தை இயக்கும் பேனலைப் படுக்கையறை அலமாரிக்குள் மாட்டியிருந்தார். சைரன் வயர் அதிலிருந்து கிளம்பும் இடத்தில் மீட்டரை வைத்தார், பதின்மூன்று வோல்ட். மேலே ஏறி, வயர் போய்ச் சேரும் இடத்தில் வைத்தார்; அங்கேயும் பதின்மூன்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பிளஸ் மைனஸ் மாறிவிட்டதா என்று பார்த்தார், மாறவில்லை. சைரனைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, அதன் வாயில் பழைய துணியைத் திணித்து, பேனலின் பேட்டரியில் நேராகத் தொட்டார். துணியையும் மீறி அது அலறிய அலறலில் சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. சைரனும் நன்றாக இருக்கிறது, பேனலும் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவைத்தால் மட்டும் சத்தத்தைக் காணோம். மறுபடி மாட்டி, சைரன் ஓடும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சும்மா இருக்கும்போது பதின்மூன்று காட்டிய வயர், சைரனைச் சுமக்கச் சொன்னதும் நான்குக்கு இறங்கியது. வேலை கொடுக்காதவரை திடகாத்திரமாகத் தெரிகிற ஆட்கள் அவர் கம்பெனியிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். வழியில் எங்கோ ஒரு ஜாயிண்ட் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

அந்த வயர் அவர் இழுத்ததில்லை. படுக்கையறையிலிருந்து முன்பக்கச் சன்ஷேடு வரைக்கும் சுவருக்குள் ஒரு குழாயில் பழைய பெல் வயர் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. காலையில் அதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். இருப்பதை வைத்து ஓட்டிவிட்டால் சுவரை உடைக்க வேண்டாம், தூசி வேண்டாம், மதியத்துக்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். தவிர, இந்த வீட்டு வயரிங்கைப் பார்த்தவுடனேயே அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டிருந்தது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் வயர்கள் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன. பின்னால் வருகிறவனுக்கு உபயோகப்படட்டும் என்று ஒரு சாண் நீளம் கூடுதலாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. திருகாணிகளின் தலைவெட்டு எல்லாம் ஒரே திசையில் நின்றன. கை சுத்தமான ஆள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இப்படி ஒருவன் கிடைத்தால் கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்றுகூட நினைத்தார்.

அந்தப் பெண்ணைப் பற்றி அவர் அவ்வளவாக நினைக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். டீயைக் கொண்டுவந்தவள் தம்ளரைத் தட்டில் வைக்காமல் வலது கையில் தனியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கை மணிக்கட்டுக்கு மேல் முழுசாகத் திரும்பவில்லை என்பதை அவர் பார்த்தார், பார்த்ததோடு சரி. காலையிலிருந்து அவள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டிருந்தாள், இன்னைக்கே முடிஞ்சிரும்தானேண்ணா என்று. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் அது என்று அவர் மூன்று தடவையும் தலையாட்டியிருந்தார்.

கெட்ட ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பூசி மூடிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது சொல்லாது. வயரிங் செய்தவன் மெயின் போர்டில் ஏதாவது குறித்து வைத்திருக்கிறானா பார்ப்போம் என்று அதன் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் கறுப்பு மார்க்கரில், அச்சடித்தது போன்ற எழுத்தில், எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று ஒரு பட்டியல் இருந்தது. அடியில் ஒரு கோடு போட்டு, ஒரு போன் நம்பர். நல்ல எலக்ட்ரீஷியன்கள் செய்து வைப்பதுதான். அவரும் எத்தனையோ பேனல் மூடிகளில் தன் நம்பரை எழுதி வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத தொழில்காரன் கூப்பிட்டுக் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எடுத்துப் பொறுமையாகச் சொல்வார். அந்தப் பெண் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். சாவகாசமான ஆண் குரல்.

"அண்ணா, வணக்கம். உங்க நம்பர் ஒரு மெயின் போர்டு மூடியில இருந்துச்சு. நான் அலாரம் மாட்ற மெக்கானிக். இங்க பெட்ரூம்லேர்ந்து முன்பக்கச் சன்ஷேடுக்கு ஒரு பெல் வயர் போகுது. நடுவுல ஏதோ ஜாயிண்ட் கெட்டிருக்கு போல. எங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"எந்த வீடு?"

பேக்கரிக்குப் பின்னால் இருக்கிற தெரு, பச்சை கேட், மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று மெக்கானிக் அடையாளம் சொன்னார்.

"ஓ, அந்த வீடா. படிக்கு அடியில செருப்பு ஸ்டாண்டு இருக்கும். அத நகத்துனீங்கன்னா தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல ஒரு வெள்ள மூடி. மேல பெயிண்ட் அடிச்சதுல தெரியாது. தட்டிப் பாருங்க, டொக்குன்னு கேக்கும். அந்த ஜாயிண்டுக்கு மட்டும் ஈயம் வைக்காம முறுக்கி டேப் சுத்திட்டேன். அன்னைக்கு ஏதோ அவசரம். பச்சை பிடிச்சிருக்கும்."

தன் வேலையில் இருந்த குறையைத் தானே சொல்கிற மனிதனை மெக்கானிக்குக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் குரல் அலாரத்தைப் பற்றி விசாரித்தது. எத்தனை கதவு, பேனல் எங்கே வைத்தீர்கள், சைரன் அந்த வயரிலேயேதான் ஓடுகிறதா. தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்கிறான். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ரெண்டு கதவுதாண்ணா, சின்ன செட்டு. பேனல் பெட்ரூம் அலமாரிக்குள்ள. சைரன் சன்ஷேடுக்கு மேல, உங்க வயர்லயேதான்.

"நல்லது. நல்லபடியா முடிங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் வைத்துவிட்டது.

செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினார். தட்டினார். டொக்கென்று கேட்டது. உளியின் நுனியால் பெயிண்டைக் கீறி மூடியைத் திறந்தபோது, சொன்னது சொன்னபடி, களிம்பேறிப் பச்சை பூத்த ஒரு முறுக்கு உள்ளே இருந்தது. வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்து, சைரனைத் துணி திணித்து ஓட்டிப் பார்த்தார். துணிக்குள்ளிருந்து அது முழு மூச்சோடு கத்தியது. சத்தம் கேட்டு அந்தப் பெண் வெறும் பக்கெட்டோடு இறங்கி வந்தாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது.

"எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க? ஒம்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன், இங்க ஒரு மூடி இருக்கறதே எனக்குத் தெரியாது."

"நான் எங்கம்மா கண்டுபிடிச்சேன். வயரிங் பண்ணவருக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். தங்கமான மனுஷன், கண்ண மூடிக்கிட்டுச் சொல்றாரு."

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். "எந்த நம்பருக்கு?"

அவர் மெயின் போர்டைக் காட்டினார். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. நேரே போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து முன்கதவின் தாழ்ப்பாளையும் போட்டாள். பட்டப்பகல் பதினொன்றரை மணி. பிறகு அவருக்கு எதிரில் நின்று, பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் குழந்தையிடம் விசாரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எத்தன மணிக்குப் பேசுனீங்க?"

"பேசிக் கால் மணி நேரம் இருக்கும்."

"என்னென்ன கேட்டாரு?"

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல, தான் எவ்வளவு சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. வீட்டுக்குச் செருப்பு ஸ்டாண்டு எப்போது வந்தது, அது எங்கே நிற்கிறது என்று வயரிங் பண்ணிவிட்டுப் போன ஒருவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது உறைத்திருக்க வேண்டும். இப்போதுதான் உறைத்தது.

"அவரு என் வீட்டுக்காரர்ண்ணா. இங்க வரக்கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு போட்டிருக்காங்க. கம்பெனியில சொல்லியிருந்தேனே, எழுதிக்கிட்டாங்களே."

அவர் சட்டைப்பையிலிருந்து வேலைத்தாளை எடுத்தார். எப்போதும் நாலாக மடித்து வைப்பார். முகவரியும் போன் நம்பரும் தெரிகிற மடிப்போடு அவர் வாசிப்பு முடிந்துவிடும். கடைசி மடிப்பைப் பிரித்தபோது, குறிப்பு என்ற கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கணவருக்குத் தகவல் போகக் கூடாது, வாடிக்கையாளரிடம் மட்டும் பேசவும். அவர் அதை இரண்டு தடவை படித்தார். ஐம்பத்து மூன்று வயதில், மகளைவிடக் கொஞ்சமே வயது கூடிய ஒருத்தி முன்னால் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

அவள் படியில் உட்கார்ந்து, செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு தடவ வந்தாரு. கதவ உடைச்சுக்கிட்டெல்லாம் வரல. அவர் மாட்டுன கதவுதான், எப்படித் திறக்கறதுன்னு அவருக்குத் தெரியும். ரெண்டாவது தடவ வெளிய மீட்டர் பெட்டியில கரண்ட நிறுத்திட்டு உள்ள வந்தாரு. அன்னைக்குத்தான் கை போச்சு. நான் கத்துன கத்தல் எனக்கே இன்னும் கேக்குது. மறுநாள் போலீஸ் வந்து விசாரிச்சப்ப, தெருவுல ஒருத்தருக்கும் எதுவும் கேக்கலன்னுட்டாங்க. அதனாலதான் சைரன் கேட்டேன்."

"அந்த நம்பர நீங்க அழிச்சிருக்கலாமேம்மா" என்று சொன்னார். சொன்ன பிறகு, பழியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"எந்த சுவிட்சு எதுக்குன்னு அதுலதானண்ணா இருக்கு."

வேலைத்தாளில் அவர் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு கட்டம்: சைரன் வேலை செய்கிறது, ஆம் அல்லது இல்லை. ஆம் என்று போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம், அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்து அலாரம் மாட்ட வேண்டிய வீட்டுக்காரர் இரண்டு தடவை போனில் கூப்பிட்டுவிட்டார். மெக்கானிக் வெளியே போய்ச் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தார். கேட்டின் மேல் கால் வைத்தால் எட்டிவிடும். குழாய் எந்த இடத்தில் சுவரைவிட்டு வெளியே வருகிறது என்று அதைப் பதித்தவனுக்குத் தெரியாதா என்ன. ஒரு கட்டிங் பிளேயர், ஒரு நொடி, அவ்வளவுதான். அப்புறம் உள்ளே எத்தனை சிவப்பு விளக்கு எரிந்தாலும் தெரு தூங்கும். ஆபீசுக்குப் போன் போட்டு, அடுத்த வீட்டை நாளைக்குத் தள்ளச் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். இங்க வேலை இன்னும் முடியல என்று மட்டும் சொன்னார்.

"எல்லாத்தையும் பிரிச்சு வேற இடத்துல மாட்றேம்மா. சுவரெல்லாம் ஓட்டை விழும். பாக்க நல்லா இருக்காது."

"பாப்பா ஸ்கூல் வேன் நாலே காலுக்கு வரும். அதுக்குள்ள முடிஞ்சா போதும்."

காலையில் சுவரை உடைக்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தவர், மதியம் முழுக்க உடைத்தார். பேனலை அலமாரியிலிருந்து கழற்றிக் குழந்தையின் அறைப் பரணில், பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஏற்றினார். இந்த வீட்டின் ஒரு குழாயையும் அவர் தொடவில்லை. புது வயரை வெள்ளை பிளாஸ்டிக் பட்டியில் அடக்கி, கூரையின் ஓரமாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே மாடிப்படி வழியாக மொட்டைமாடிக்கு ஏற்றினார். அவர் வாழ்நாளில் செய்ததிலேயே அசிங்கமான வேலை அதுதான். வண்டியில் அடுத்த வீட்டுக்காகக் கொண்டுவந்திருந்த சைரன் ஒன்று இருந்தது. அதற்கு உள்ளேயே தனி பேட்டரி உண்டு, வருகிற வயரை யாராவது வெட்டினால் அந்த நொடியே தானாகக் கத்த ஆரம்பித்துவிடும். அதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், தெருவைப் பார்த்து, தன் ஏணி இல்லாமல் ஒருவரும் எட்ட முடியாத உயரத்தில் மாட்டினார். முன்பக்கச் சன்ஷேடுக்கு மேலிருந்த பழைய பெட்டியைக் கழற்றவில்லை. அது அங்கேயே வெறுமனே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. காலையில் அவரே போட்ட நம்பர். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவர் எடுத்தார்.

"ஜாயிண்ட் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுண்ணா. நீங்க சொன்ன அதே இடம்." அண்ணா என்ற சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. துப்ப வேண்டும் போலிருந்தது.

"சைரன் அந்த வயர்லயே ஓடுதா?"

"ஓடுது. முடிச்சுட்டு அப்பவே கிளம்பிட்டேன். இப்ப வேற வீட்ல இருக்கேன்."

தொழில் விஷயத்தில் ஒரு தொழில்காரனிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

"அவளுக்குக் கை எப்படி இருக்கு?"

மெக்கானிக் கீழே பார்த்தார். அவள் வலது கையால் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இடது கையைப் படியின் மேல் சும்மா வைத்திருந்தாள்.

"அதெல்லாம் நான் பாக்கலைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் இறங்கினார். கால் தரையில் பட்டதும் அவள் கேட்டாள். "அவரா?"

"ஆமாம்மா."

"நம்பிட்டாரா?"

"தெரியலம்மா" என்றார்.

மணி நாலு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. நம்பர் பலகையில் அவளையே புது எண்களைப் போடச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பியவரை அவள் நிறுத்தினாள்.

"துணி வேண்டாம்ண்ணா."

"அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்கம்மா. வழக்கமா நாங்க அஞ்சு செகண்டுக்கு மேல அடிக்க விடமாட்டோம்."

"வரட்டும். நான் கேட் பக்கத்துல நிக்கிறேன். நான் கையைக் கீழ போட்டதும் நிறுத்துங்க."

அலாரத்தை நிறுத்தும் எண்களை அவள் அவருக்குச் சொன்னாள். இன்றிரவு மாற்றிவிடுவேன் என்பதையும் சொன்னாள். அவர் சரி என்றார். அவள் அலாரத்தைப் போட்டுவிட்டு முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். மேலே சைரன் அலறத் தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. திறந்த கதவின் வழியாக அவருக்கு அவள் முதுகும், பச்சை கேட்டும், அதற்கு அப்பால் தெருவும் தெரிந்தன. அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து, வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார், பிறகு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். மாடி வீடொன்றில் ஜன்னலைச் சாத்தினார்கள். நடைப்பயிற்சி போன இரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தெருவின் மறுபக்கமாக விலகி நடந்தார்கள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று. மெக்கானிக்கின் விரல் நம்பர் பலகையின் மேல் தயாராக இருந்தது. பழக்கத்தில் அது இரண்டு தடவை அழுத்தப் போனது. அவர் இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். காதுக்குள் வலித்தது. அவள் உயர்த்திய கை இறங்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. இடுக்கில் ஈரக் கையோடு ஒரு வயதான பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. கேட்டருகே நின்றவள் அந்தப் பெண்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.